என் கிணறும் தண்ணியம்மாவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத எழுத வரி மேலே ஏறிப்போகும், நினைப்பு கீழே இறங்கிப்போகும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் எனக்கே தடுமாற்றம் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். தாள் திருப்பி ஒன்றும் கேட்காது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு ஓர் அம்மா வந்துபோய்க்கொண்டிருந்தார். திருச்சியில் தண்ணீரைச் சோதனை செய்கிற ஆபீஸில் அவருக்கு வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. ஊரில் எல்லோரும் தண்ணியம்மா என்றார்கள், அவரும் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் ஊர் வையம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஆபீஸிலிருந்து ஆள் வருகிறது என்றதும் ஜீப்பைத்தான் எதிர்பார்த்தார்கள். தண்ணியம்மா வையம்பட்டி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்து இறங்கினார். ஒல்லியான உடம்பு. ஆம்பிளைகள் பிடிக்கிற கறுப்புக் குடை. செருப்பு கையில் இருந்தது. சேலையின் கீழ்க்கரை ஒரு சாண் நனைந்திருந்தது. அவரை நான் பார்த்த நாளெல்லாம் அந்தக் கரை நனைந்தேதான் இருந்தது. மேலத்தெரு செல்லம்மா, யார் என்று தெரியாமல், ஒரு குச்சி ஐஸ் குடு என்று கேட்டுவிட்டாள்.

"ஐஸ் இருக்குங்க. ஆனா உள்ள பக்கத்து ஊர் ஓடைத் தண்ணிதான் இருக்கு, பரவாயில்லையா?" என்றார். செல்லம்மாவுக்கு அன்றைக்கு வாய் அடைத்துப்போனது. அது அபூர்வம்.

பிறகு நேரே என் கிணற்றடிக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

என் கிணற்றைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். எங்கள் பக்கம் பாறை பூமி, தோண்டின இடமெல்லாம் உப்பு. என் வீட்டுக்காரர் தோண்டின கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரி தண்ணீர். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் காலையிலும் சாயங்காலமும் தெருவே குடத்தோடு வரும். நான் யார் வீட்டுக்கும் போகிறவள் இல்லை. வந்தவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், கப்பி கிறீச்சிடும். நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்செல்லாம் என்மேல் தூறல் மாதிரி விழும். எனக்கு ஊர் என்றால் அந்தக் கிணற்றடிதான்.

தண்ணியம்மா தம்ளரை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தாகத்தில் குடிக்கிற மாதிரி இல்லை. தூரத்தில் யாரோ பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். பிறகு, குடம் கழுவுகிற தண்ணீர் எங்கே போகுது என்று கேட்டார்.

நான் கையைக் காட்டினேன். கிணற்றை ஒட்டியே ஒரு தென்னை, அதற்குத்தான்.

"சரி, தென்னைக்கு அப்புறம் எங்கங்க போகுது?"

தென்னைக்கு அப்புறமும் ஒன்று இருக்கிறது என்று அதுவரை எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. நான் தென்னையையே திரும்பிப் பார்த்தேன். அவர் பதிலுக்கு அவசரப்படவும் இல்லை.

அந்தக் கேள்விதான் அந்த அம்மா. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டீக்கடையில் டீ குடித்துவிட்டு, கடைக்காரர் கிளாஸ் கழுவிக் கொட்டின தண்ணீர் ஓடுகிற பக்கம் தானும் நடந்துபோவார். அது ரோட்டோரம் மண்ணில் சுவறி மறைகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். கை கழுவினால் கையை விட்டுப் போகிற தண்ணீரைக் கண்ணாலேயே வழியனுப்புவார். மழை நாளில் ஒருதரம் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடைக் கரையில் தொப்பலாக நனைந்து நின்றார். குடை இருக்கே என்று நான் ஜாடை காட்டினேன். குடை பிடித்தால் தண்ணீர் போகிற சத்தம் கேட்கவில்லை என்றார்.

ஊரில் அதை வைத்துக் கேலி கிளம்பியது. யாராவது வெளியூர் கிளம்பினால், "அப்புறம் எங்கங்க போகுது?" என்று தண்ணியம்மா குரலிலேயே கேட்பார்கள். செல்லம்மாவின் புருஷன் சம்பளத்தோடு சந்தைப் பக்கம் நடந்தால் அவள் அதையே கேட்பாள். தண்ணியம்மா காதிலும் விழுந்தது. அவரும் சிரித்தார். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை.

அவர் எங்கள் ஊருக்கு வந்த காரணம் கண்வலிக் கிழங்கு. அப்போது எங்கள் பக்கம் பல பேர் அதைப் போட்டிருந்தார்கள். திருட்டுப் பயிர் இல்லை, சர்க்காருக்குத் தெரிந்து போடுகிறதுதான். விதை மருந்து செய்யப் போகிறது, கப்பலேறிப் போகிறது என்பார்கள். கிழங்கு கடும் விஷம். ஆடுகூட வாய் வைக்காது. பூவைப் பார்த்தால் மட்டும் விஷமே நினைவுக்கு வராது. புரட்டாசி தாண்டினால் கொடி கம்பியெல்லாம் ஏறிப் பற்றிக்கொள்ளும். கீழே மஞ்சள், நுனியில் சிவப்பு. பனி இறங்கின காலையில் வயல் முழுக்கச் சத்தமில்லாமல் தீ எரிகிற மாதிரி இருக்கும். அந்தத் தீக்குள் நாங்கள் பொம்பளைகள் வரிசையாக நடந்துபோய், ஒரு பூவின் தூளை எடுத்து இன்னொரு பூவின் நுனியில் ஒற்றுவோம். ஒற்றின பூதான் காய்க்கும். தேனீ வேலையை விட்டுட்டுப் போயிருச்சு, அது இடத்துக்கு நம்மளைச் சேத்துக்கிட்டாங்க என்பாள் செல்லம்மா. விரலெல்லாம் மஞ்சளோடு வந்து என் கிணற்றடியில்தான் கை கழுவுவார்கள். அந்த மாசங்களில் எங்கள் தெருவில் அடுப்பு எரிந்தது அந்தப் பூவால்தான்.

செடி நோஞ்சான் செடி. மழை பெய்தால் இலை கருகும், கிழங்கு அழுகும். அதனால் அடிக்கடி மருந்தடிப்பார்கள். நடுவதற்கு முன்னால் கிழங்கையே மருந்துத் தண்ணீரில் நனைத்து எடுப்பார்கள். மிச்சமான மருந்தைச் சும்மா மண்ணில் கொட்ட எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. சோற்றைக் கொட்டுகிற மாதிரி ஒரு பாவமாக நினைப்பார்கள். வீட்டுத் தென்னைக்கு ஊற்றுவார்கள். ட்ரம் கழுவின தண்ணீரும் அதற்கே. தென்னை இல்லாத வயற்காரர், தென்னை இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுப்பார். ஊரில் அது ஒரு முறை மாதிரி ஆகிவிட்டது.

என் கிணற்றுக்கு அடுத்த கிழங்கு வயல் என் கொழுந்தனாருடையது. கோபக்காரர், ஆனால் தங்கமான மனுஷன். அண்ணன் போன பிறகு அறுத்த நெல்லில் முதல் மரக்கால் என் வீட்டுக்கு வரும், பறித்த காயில் முதல் கூடை வரும். மிச்ச மருந்திலும் என் பங்கு தவறாது. வேலியோரம் நின்று, "அண்ணி, உங்க தென்னைக்கும் ஊத்திட்டேன்" என்று குரல் கொடுப்பார். நான் சரிங்க தம்பி என்பேன். என்னை யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்கெல்லாம் மனசு குளிர்ந்திருக்கும்.

தண்ணியம்மா ஓடையிலும் குளத்திலும் எங்கள் கிணறுகளிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார். முடிவு வர நாளாகும். வந்தாலும் உடனே சொல்லமாட்டார், மறுபடி பிடித்துப்போவார். ஒவ்வொருதரமும் என் கையால் ஒரு தம்ளர் குடித்துவிட்டுத்தான் போவார்.

அந்த வருஷம் மார்கழியில் ஏகாதசிக்கு, திருச்சியில் இருக்கிற என் மகன் என்னை ஸ்ரீரங்கம் கூட்டிப்போனான். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது. நான் கோயிலுக்கு வரவில்லை, காவேரிக் கரையில் இருக்கிறேன் என்று சொல்லி அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பனி இன்னும் விலகவில்லை. அக்கரை தெரியவில்லை. ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு வெளுப்பு. அதற்குள்ளிருந்து, முழங்கால் தண்ணீரில், கறுப்புக் குடையோடு ஒரு உருவம் என்னைப் பார்த்து நடந்துவந்தது. முதலில் பயந்துபோனேன். தண்ணியம்மா.

கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சின்ன வீடு. முற்றத்தில் துளசி மாடம், கொடியில் நனைந்த கரையோடு இரண்டு சேலை. எனக்கு வெள்ளித் தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை, குளிர்ச்சியாக மட்டும் இருந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் காவேரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் நாங்கள் மிதந்துகொண்டிருக்கிறோம் என்றார். "காவேரி எங்கேருந்து வருதுன்னு கேளுங்க, குழந்தைகூடச் சொல்லும். இங்க நாம விட்டதெல்லாம் கீழ யார் வாய்க்குப் போகுதுன்னு கேளுங்க, ஒருத்தரும் வாயத் திறக்கமாட்டாங்க."

பிறகு சம்பந்தமில்லாமல், உங்கள் கிணற்றடித் தென்னை எப்படிக் காய்க்கிறது என்று கேட்டார். எனக்குப் பேச வராது, ஆனால் தென்னையைப் பற்றிக் கேட்டதும் வந்துவிட்டது. இந்த இரண்டு வருஷமாகக் குலை தாங்கவில்லை, கொழுந்தனார் மறக்காமல் மிச்ச மருந்தெல்லாம் ஊற்றுகிறார், அவருக்கு என்மேல் அவ்வளவு பிரியம் என்று சொன்னேன். தண்ணியம்மா என் கையிலிருந்த காலித் தம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டார். அதைக் கழுவின தண்ணீர் முற்றத்துச் சாக்கடையில் போகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்கு மறுவாரமே வந்து என் கிணற்றில் மட்டும் தண்ணீர் பிடித்துப் போனார்.

அடுத்து அவர் வந்தது பங்குனி என்று நினைக்கிறேன். வேப்பம்பூ கொட்டிக்கிடந்தது. கிணற்றடியில் கூட்டம் இருந்தது. செல்லம்மா கப்பியில் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலத் தம்ளரை நீட்டினேன். வாங்கினார். வாயருகே கொண்டுபோகவில்லை. கண்ணை மூடவில்லை. தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தம்ளரைக் கிணற்றுச் சுவரின்மேல், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைத்தார்.

"இன்னிக்கு வேண்டாங்க" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. செல்லம்மா இழுத்த குடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணியம்மா அதையும் கீழே வைக்கச் சொன்னார். இந்தத் தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறது, ஓடையிலும் இருக்கிறது, இந்தக் கிணற்றில்தான் அதிகம் என்றார்.

கொழுந்தனார் வயலிலிருந்து ஓடிவந்தார். விஷயம் கேட்டதும் அவர் முகம் கறுத்துப்போனது.

"என்னம்மா சொல்றீங்க? எங்க அண்ணி குடிக்கிற தண்ணியில நான் விஷம் வச்சேங்குறீங்களா?"

"நீங்க வைக்கலீங்க. பிரியமாத்தான் தென்னைக்கு ஊத்தினீங்க. அது தென்னையோட நிக்கல, அவ்வளவுதான். வேருக்குக் கீழ பாறையில வெடிப்பு இருக்கு, வெடிப்புக்கு அந்தப் பக்கம் கிணறு இருக்கு."

அவர் தென்னையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓடையோரம் இனிமேல் கிழங்கே நடக்கூடாது என்று ஆபீஸில் உத்தரவு போடலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது என்று பேச்சு வந்தது. செல்லம்மாவுக்கு வாய் திரும்பி வந்தது.

"பூவ நிறுத்திட்டா எங்க வயித்துக்கு என்ன வழி? உங்க பாட்டில்ல இருக்கறதக் குடிச்சிட்டுப் படுத்துக்கறதா?"

தண்ணியம்மா கோபப்படவில்லை. வயலை நிறுத்த எனக்கும் மனசில்லை என்றார். மிச்ச மருந்து ஒரு சொட்டுகூடத் தென்னைக்கோ ஓடைக்கோ போகக்கூடாது, கிணற்றுக்கு எட்டாத இடத்தில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து அதில்தான் ட்ரம் கழுவவேண்டும், வயலுக்கும் ஓடைக்கும் நடுவே அகலமாகப் புல் விடவேண்டும், இதெல்லாம் நடந்தால் பயிர் இருக்கட்டும் என்று ஆபீஸில் நானே பேசுகிறேன் என்றார். கொழுந்தனார் துண்டை விலக்காமலே, குழியை இன்றைக்கே வெட்டுகிறேன் என்றார்.

"ஆனா இந்தக் கிணத்த மூடணும். தண்ணி தெளியற வரைக்கும் யாரும் எறைக்கக்கூடாது. எவ்வளவு நாளாகும்னு எனக்குத் தெரியாது." அதுவரை எல்லோரையும் பார்த்துப் பேசினவர் என் பக்கம் திரும்பினார். "ஆபீஸ் சொல்லி மூடலாம். எனக்கு அது வேண்டாம். கிணறு உங்களோடது. நீங்க சொல்லுங்க."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் ஜென்மத்தில் அத்தனை கண்கள் என்மேல் விழுந்ததில்லை. மூடினால் நாளையிலிருந்து குடம் வராது, பேச்சு வராது, இந்தக் கல்லில் உட்கார்ந்து நான் எதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்? கொழுந்தனார் துண்டுக்குள் அழுகிறது எனக்குக் கேட்டது. நான் வாய் திறந்தால் குரல் வராது என்று தெரியும். எழுந்துபோய் கப்பியிலிருந்து தாம்புக்கயிற்றை உருவினேன். நனைந்த கயிறு, கனமாக இருந்தது. நிதானமாகச் சுருட்டித் தண்ணியம்மா கையில் கொடுத்தேன். என் சம்மதம் அதுதான். அவருக்குப் புரிந்தது.

கிணற்றுக்குமேல் இரும்பு வலை போட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது, பிறகு குழாய் வந்தது. குடங்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சாயங்காலத்தில் என் வீட்டைச் சுற்றி ஒரு அமைதி வந்து உட்காரும். வலைக்குள் எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் ஒன்றும் தெரியாதது மாதிரி வானத்தை வைத்துக்கொண்டிருக்கும். தென்னையில் காய் இருந்தது, யாரும் தொடவில்லை.

தண்ணியம்மா மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வலைக்குள் பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டு, என் கல்லில் எனக்குப் பக்கத்தில் உட்காருவார். பையிலிருந்து தன் வீட்டுத் தண்ணீரை எடுப்பார். "இன்னிக்கு நான் கொண்டாந்தேன்" என்று பாதியை என் தம்ளரில் ஊற்றுவார். இரண்டு பேரும் குடிப்போம். தண்ணி தெளிஞ்சிருச்சாங்க என்று நான் கண்ணாலேயே கேட்பேன். "இன்னும் இல்லீங்க" என்பார். ஒவ்வொருதரமும் அதேதான். அந்தச் சொல்லுக்காகவே நான் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கொழுந்தனார் ஆளே மாறிவிட்டார். ஊரில் யார் மிச்ச மருந்தோடு தென்னைப் பக்கம் நடந்தாலும் குறுக்கே போய் நின்று, "அப்புறம் எங்க போகுது? சொல்லிட்டு ஊத்து" என்பார். கேலிக்குக் கிளம்பின சொல் அவர் வாயில் கேலி இல்லாமல் வந்தது. புல் விட்ட இடத்தில் தட்டான் பறந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் தண்ணியம்மா வரவில்லை. வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள் என்றார்கள், வேலையை முடித்து ஓய்வு வாங்கினார் என்றும் சொன்னார்கள். எனக்கும் முழங்கால் வலி வந்தது. மகனுக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறை. எடமலைப்பட்டி புதூரில் வீடு எடுத்து என்னையும் கூட்டிவந்துவிட்டான். இங்கே தண்ணீர் கேனில் வருகிறது. பாத்திரம் கழுவின தண்ணீர் குழாய்க்குள் இறங்கி எங்கேயோ போகிறது. நான் நின்று பார்த்தால் மருமகள், என்ன அத்தை தேடுறீங்க என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன்.

போன தைக்குக் கொழுந்தனார் போன் செய்தார். புதிதாக வந்த ஆபீஸர் சோதனை செய்து கிணறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம், வலையை எடுத்துவிட்டார்களாம், செல்லம்மா முதல் குடம் எடுத்தாளாம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், கப்பிச் சத்தம் கேட்கிறதா என்று.

அவர் இன்னொன்றும் சொன்னார். கிணறு திறந்த சில நாளில், வயதான ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கி, குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். கொழுந்தனார் அப்போது வயலில் இருந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தது புதிதாகக் கல்யாணமாகி வந்த அவருடைய மருமகள். அவளுக்குத் தண்ணியம்மாவைத் தெரியாது. கையில் கறுப்புக் குடை இருந்ததாம். முழுக்கக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கறுப்புக் குடை எத்தனையோ பேரிடம் இருக்கிறது.

இதை அச்சில் போடுகிறவர்கள் தயவுசெய்து என் பிழைகளைச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். கிணற்றை மூடினது பங்குனியா சித்திரையா, சுவரில் அடித்தது சிவப்புதானா, எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்படியே யாராவது வையம்பட்டிப் பக்கம் போனால், எங்கள் ஊருக்குள்ளும் போய் என் கொழுந்தனார் மருமகளிடம் ஒன்றைக் கேட்டு எனக்குச் சொல்லுங்கள். அந்த அம்மா தண்ணீர் குடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாரா என்று.